பாலில் பூஞ்சை நஞ்சு: கொள்முதலிலேயே தடுப்போம்

2018-ல் நடந்த தேசியப் பால் தர ஆய்வில், தமிழகத்தின் 551 மாதிரிகளில் 88-ல் அஃப்ளடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, மக்காச்சோளம் வழியே பாலுக்கு வரும் இந்த நஞ்சு காய்ச்சினாலும் போகாது, கல்லீரலைத் தாக்கும். அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான்.

அந்த நுண்ணிய அளவையும் தங்க நானோதுகள் கொண்ட சோதனைப் பட்டை சில நிமிடங்களில் காட்டிவிடும்: நஞ்சு இருந்தால் சிவப்புக் கோடு மங்கும்.

ஸ்ரீரங்கம் வட்டம் நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரி இருக்கிறது, திருச்சியில் என்.ஐ.டி.யும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இவற்றோடு ஆவின் கைகோத்து, மலிவான பட்டைகளை உருவாக்கிக் கிராமக் கொள்முதல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தீவனத்தையும் சோதிக்க வேண்டும். பாலைக் கொட்டிவிட்டு விவசாயியைத் தண்டிப்பது தீர்வல்ல. நல்ல தீவனமும் இழப்பீடும் தருவதே நியாயம். அரசு உடனே தொடங்கட்டும்.