பூட்டிய வார்டுக்குள் ஏறும் எடை: நோயாளிகளின் குடும்பத்தார் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் சிறைத் துறைக்கும் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம். நீதிமன்ற உத்தரவின்பேரில் மனநல மருத்துவமனைக்கு வந்தவர்கள், சிறையிலிருந்து சிகிச்சைக்கு மாற்றப்பட்டவர்கள், பூட்டிய வார்டைவிட்டுத் தாமாக வெளியே வர அனுமதி இல்லாதவர்கள் எல்லோருக்காகவும் பேசுகிறோம்.

எங்களில் ஓர் அக்கா சொன்னதை முதலில் எழுதிவிடுகிறோம். அவருடைய தம்பி உள்ளே போனபோது 32 இடுப்பு பேன்ட் போட்டவன். ஓராண்டு கழித்து மனு போட்டுப் பார்க்கப் போனபோது, நாடா கட்டிய கால்சட்டையில் மூச்சு வாங்க நடந்துவந்தான். "எப்படிடா இருக்கே" என்று கேட்பதற்குள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டான். ஒன்றை மென்று முடிக்கும் முன் அடுத்தது வாய்க்குப் போனது. "பசிக்குதுக்கா. சாப்பிட்டு எந்திரிச்சாலும் பசிக்குது" என்றான். பக்கத்தில் நின்ற ஊழியர், "எவ்வளவு போட்டாலும் இவனுக்குப் பத்தாதும்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பசியைக் கிளப்பியது மருந்து என்று அங்கே யாருமே அக்காவிடம் சொல்லவில்லை.

ஒலான்சபின், க்ளோசபின் போன்றவை மனதின் கொந்தளிப்பை அடக்கும் நல்ல மருந்துகள். அவற்றை நிறுத்தச் சொல்லி நாங்கள் வரவில்லை; நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை வீட்டில் பட்டு அறிந்தவர்கள் நாங்கள். அதே மருந்துகள் பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் ஆளும் இடங்களிலும் கைவைக்கின்றன. பலருக்கு முதல் சில வாரங்களிலேயே எடை ஏறத் தொடங்கிவிடும். சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் பின்னாலேயே வரலாம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயநோய் அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. உள்ளே இருப்பவருக்கு எப்போது சாப்பிடுவது, எதைச் சாப்பிடுவது, எப்போது நடப்பது என்ற எதுவுமே தன் கையில் இல்லை. சாவியை வைத்திருப்பவர்கள்தான் இதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே முதலில் அளவெடுங்கள். மருந்து தொடங்கும் நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்கப்பட வேண்டும். 4, 8, 12ஆம் வாரங்களில் எடை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் 2004இலேயே சேர்ந்து வகுத்த முறை இது. இடுப்பளவுக்கு நம் உடல்வாகுக்குரிய எல்லையை வையுங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரிசையில் நிற்கவைத்து எடையைச் சத்தமாகப் படிக்காதீர்கள். தனியே பார்த்து, அவரிடமே சொல்லுங்கள். "குண்டா" என்று கூப்பிடும் பழக்கம் வார்டில் அடியோடு நிற்க வேண்டும்.

எடை ஏறினால் மருத்துவர் ஏதாவது செய்தாக வேண்டும். மருந்தை மாற்ற முடியுமா, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்பார்மினைச் சேர்க்கலாமா என்று நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும். வேறு மருந்துகள் கேட்காததால்தான் பலருக்கும் க்ளோசபின் கொடுக்கப்படுகிறது. அதை எளிதில் மாற்ற முடியாது என்பதால் அவர்களுக்குக் கவனிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். பக்கவிளைவுகளைத் தெரிந்துகொள்வது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை.

தட்டைப் பாருங்கள். எங்களில் பலர் பார்த்த தட்டில் சோறு மலைபோல இருக்கும்; காய் ஓரத்தில் ஒரு கரண்டி. இரவுச் சாப்பாடு பொழுது சாயும்போதே முடிந்துவிட்டால், மறுநாள் காலைவரை பசியோடு கிடக்கும் மனிதர் பிஸ்கட்டைத்தான் தேடுவார். சோற்றைக் குறைத்து வயிற்றைக் காயப்போடச் சொல்லவில்லை. பொரியலும் கீரையும் கூடட்டும், முட்டை வரட்டும், படுக்கும் முன் ஒரு கிண்ணம் சுண்டல் கிடைக்கட்டும். சர்க்கரை இல்லாத டீ கேட்டால் கொடுங்கள். சத்துள்ள உணவு அதே சட்டத்தின் 20ஆம் பிரிவில் உள்ள உரிமை. ஒருவர் அமைதியாக இருந்ததற்குப் பரிசாக இனிப்பும், அடம்பிடித்ததற்குத் தண்டனையாகப் பட்டினியும் எந்த வார்டிலும் கூடாது. எங்கள் பங்கும் இதில் உண்டு. பார்க்கப்போகும்போது பாசத்தில் அல்வாவும் மிக்சரும் வாங்கிப்போகிறோம். எதைக் கொண்டுவரலாம் என்று ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

நடக்க விடுங்கள். 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதையை வகுத்தது இதே சுகாதாரத் துறைதான். ஆனால் பூட்டிய வார்டில் இருப்பவருக்கு முற்றம் திறப்பதே ஆள் இருப்பதைப் பொறுத்திருக்கிறது. காலையும் மாலையும் அரைமணி நேரமாவது முற்றம் திறக்க ஊழியர்களை நியமியுங்கள். காலுக்கு நல்ல செருப்போ ஷூவோ கொடுங்கள். பாதுகாப்பு காரணமாக ஒருவரை வெளியே விட முடியாவிட்டால் அவருக்கு மட்டும் காரணத்தை எழுதிவையுங்கள். அதைச் சொல்லி மொத்த வார்டையும் பூட்டிவைக்காதீர்கள்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பாதுகாப்பு வார்டுகளில் எடையைப் பேணுவதற்கென்றே 2021இல் தேசிய சுகாதாரச் சேவை தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஆண்டு இங்கே தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீடு வீடாகப் போய் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறது. அதுபோலவே பூட்டிய வார்டுகளுக்கும் பொது மருத்துவரும் உணவியல் நிபுணரும் நாள் குறித்து வர வேண்டும். வீட்டுக்கோ சிறைக்கோ திரும்பும்போது எடை, சர்க்கரைக் குறிப்புகள் கையோடு போக வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்கு நிதியும் அரசாணையும் வேண்டும் என்பது தெரியும். ஒவ்வொரு வார்டுக்கும் சரியாக வேலை செய்யும் ஓர் எடை இயந்திரம், ஓர் அளவு நாடா, கேஸ் ஷீட்டில் ஒரு பக்கம்: இதை 30 நாளில் செய்துவிடலாம். அடுத்த முறை மனு போட்டு வரும்போது, "தம்பி எடை போன மாசம் எவ்வளவு, இந்த மாசம் எவ்வளவு?" என்று அந்த அக்கா கேட்பார். அந்தப் பக்கத்தைத் திருப்பி அவருக்குக் காட்டுங்கள்.