ஆண் நாய்க்குக் கருத்தடை: எந்தக் குணம் மாறும், எது மாறாது?

தெரு நாய்களைப் பிடித்து அழிப்பதா, கருத்தடை செய்து மீண்டும் விடுவதா என்ற வாதம் நாட்டில் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஊராட்சி மன்றத்தினரிடம் சிக்குபவை எல்லாம் நாதியற்ற நாய்கள் அல்ல. தோட்டத்து வீட்டிலோ தாமான் வீட்டிலோ சோறு போட்டு வளர்த்த ஆண் நாய், வேலி தாண்டிப் போன இடத்தில் பிடிபடுவதும் உண்டு. கருத்தடை செய்தால் அது அடங்கிவிடுமா?

நாய் எதனால் அப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். பெட்டை நாயின் வாசம் பிடித்து ஊர் சுற்றுவது, கண்ட இடத்தில் காலைத் தூக்குவது, ஆள் மீது ஏறுவது, மற்ற ஆண் நாய்களோடு மல்லுக்கு நிற்பது ஆகியவற்றில் ஆண் ஹார்மோனுக்குப் பெரும் பங்குண்டு. விதைகளை அகற்றினால் இவை பல நாய்களிடம் குறைகின்றன. குறிப்பாக, ஊர் சுற்றுவது. ஆனால் மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. சில வாரங்கள், ஏன் சில மாதங்கள்கூட ஆகலாம். முதல் சில வாரங்களில் பெட்டையைச் சினையாக்கவும் வாய்ப்புண்டு.

பயத்தால் கடிக்கும் நாயின் கதை வேறு. நாள் முழுதும் சங்கிலியில் கிடந்து, ஆளைக் கண்டால் பாயும் நாயை அறுவை சிகிச்சை மாற்றிவிடாது. பயந்த சுபாவம் உள்ள சில நாய்களுக்குப் பதற்றம் கூடவும் செய்யலாம். அதற்குத் தேவை தினசரி நடை, பொறுமையான பயிற்சி, மனிதர்களோடு பழக்கம்.

"காவல் போய்விடுமே" என்பது நம்மவர்களின் பெரிய தயக்கம். தன் வீட்டைக் காப்பதும் அந்நியரைக் கண்டு குரைப்பதும் விதையோடு போய்விடும் குணங்கள் அல்ல. உடல் பருக்கலாம் என்பதால் தீனியைக் குறைத்தால் போதும். பெரிய இன நாய் என்றால், எலும்பு வளர்ச்சி முடியும் வரை காத்திருக்கலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியது. சரவாக்கில் மனித உயிர்களும் பலியாயின. கட்டுப்பாடின்றிச் சுற்றும் நாயால் ஆபத்து ஊருக்கும் உண்டு, அந்த நாய்க்கும் உண்டு.

ஆகவே, சுற்றித் திரியும் நாய்க்குக் கருத்தடை நல்ல முடிவு. கடிக்கும் நாய்க்கு அது மட்டும் போதாது. எந்த நாயானாலும் லைசென்சும் தடுப்பூசியும் பழுதில்லாத வேலியும் நம் பொறுப்பு.