வழுக்கையாறும் ஆறுதான்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது என்று பள்ளிக்கூடத்திலே படித்தோம். நம் பிள்ளைகளும் அப்படியே படித்தார்கள். பத்திரிகைத் தொழிலில் இருந்த நாற்பது ஆண்டுகளில் அந்த வசனத்தை நானும் எத்தனை தடவை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. உடுவிலிலே பிறந்து, மாரிகாலத்தில் கந்தரோடைப் பக்கம் தூண்டிலோடு திரிந்த ஒருவன் அப்படி எழுதியது வெட்கக்கேடு. இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்றை மண்போட்டு நிரப்பும்போது எவருடைய மனச்சாட்சியும் உறுத்துவதில்லை. வழுக்கையாற்றுக்கு நேர்ந்துகொண்டிருப்பது அதுவே.

தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைத் திரட்டிக்கொண்டு கந்தரோடை, சங்குவேலி, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை என்று இறங்கி அராலியிலே கடனீரேரியைச் சேரும் இந்த ஆறு ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளமுடையது. வருடத்திற் சில மாதங்கள் மட்டுமே ஓடும் என்பது உண்மைதான். அதனால் அது ஆறன்று என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வைகை வருடத்திற் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கிறதே, மதுரைக்காரர் அதை வாய்க்கால் என்றா சொல்கிறார்கள்?

எங்கள் சிறுவயதில் கார்த்திகை மழை இறங்கினால் வயலும் குளமும் ஆறும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். கோடையில் ஈரச் சேற்றுக்குள்ளும் எஞ்சிய மடுக்களிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்த விராலும் கெளிறும் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலேறும். விரால் காற்றையும் சுவாசிக்கவல்லது. ஆகையால் மற்ற மீன் செத்துப்போகும் கலங்கலிலும் அது தப்பிவிடும். புற்பூண்டுக்குள் முட்டையிட்டுத் தன் குஞ்சுக் கூட்டத்தைப் பக்கத்தில் நின்று காவல்காக்கும். என் அம்மான் மழை விட்ட மறுநாள் மதகடியிலே கரப்போடு நிற்பார். அகப்பட்டவற்றிற் சிறியவற்றைத் திரும்ப நீரிலே விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால், "குஞ்சையும் பிடிச்சால் அடுத்த மாரிக்கு என்னத்தைப் பிடிக்கிறது, தம்பி?" என்பார். நன்னீர்ப் பாதுகாப்பு பற்றிப் பிற்காலத்தில் நான் சென்றமர்ந்த கருத்தரங்குகளில் இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்புறமும் கடல் மீன் கிடைக்கும் யாழ்ப்பாணத்தான் குளத்து மீனை ஒருபோதும் மதித்தவனல்லன். "சேறு மணக்கும்" என்று முகத்தைச் சுளிப்பான். கடற்றொழிலாளருக்குச் சங்கங்கள் உண்டு, சமாசங்கள் உண்டு. இழுவைப்படகு வந்தால் வீதிக்கு இறங்குவார்கள். வழுக்கையாற்று விராலுக்காக இறங்குவதற்கு யார் இருக்கிறார்கள்? ஆற்றங்கரையிற் பிழைப்பு நடத்தும் கூட்டம் ஒன்று இருந்திருந்தால் வாய்க்காலை மறித்து மதில் எழுப்ப எவனுக்கும் துணிவு வந்திராது.

மீன் போனால் போகட்டும், எங்களுக்குக் கிணறு இருக்கிறது என்று சொல்லும் உடுவில் வாசிகளுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். உங்கள் கிணற்று நீரும் அந்த மீன் நீந்திய நீரும் ஒன்றே. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே நீர் தங்கி நிற்க இடமில்லாவிட்டால் கீழே இறங்கவும் நீரில்லை. இறைப்பது மட்டும் நிற்காது. உவர் மேலே வரும். தோட்டத்தில் அளவுக்கு மீறிக் கொட்டும் உரத்தின் நைத்திரேற்று இந்தப் பகுதிக் கிணறுகளிற் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை யாரும் மறந்திருக்க முடியாது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கிணற்றில் எண்ணெய் மணந்தபோது விழித்துக்கொண்டோம். ஆற்றிலே மீன் மறைந்தபோது விழித்திருக்க வேண்டும்.

மாறாக நாம் செய்தது என்ன? மழை வந்ததும் ஏதாவதொரு குளத்தடியில் அதிகாரிகள் வரிசையாக நின்று மீன்குஞ்சு விடுவார்கள். மறுநாள் பத்திரிகையிற் படம் வரும். நானே பல படங்களுக்கு அடிக்குறிப்பு எழுதிக் கொடுத்தவன். வன்னியின் பெருங்குளங்களுக்கு அது பொருந்தும். அங்கே அதை நம்பி மீன்பிடிக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆபிரிக்காவிலிருந்து 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா அத்தகைய குளங்களில் ஏழையின் சோற்றுக்குக் கறியானதையும் மறுக்கவில்லை. ஆனால் நாலைந்து மாதத்தில் வற்றிவிடும் நம்மூர்க் குளத்திலே, ஆற்றோடு இருந்த தொடுப்பையும் அறுத்துவிட்டுக் குஞ்சு விடுவது யாருக்காக? விராலுக்கு எவரும் குஞ்சு விடத் தேவையில்லை. ஏறிவர வழியை விட்டால் போதும்.

அந்த வழி எங்கே? ஆற்றின் கரை சுருங்கி, வயல் காணித் துண்டாகி, துண்டு வீடாகி விட்டது. மதகுகளில் பிளாஸ்ரிக் போத்தலும் கோழிக்கழிவும் அடைத்துக் கிடக்கின்றன. 2008இல் நிஷா புயலின்போதும் 2024 நவம்பரிலும் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததென்று ஓலமிட்டோம். வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை, ஐயா. வீடுதான் வெள்ளத்துக்குள் போயிருந்தது. தேங்கிய நீரில் நுளம்பு பெருகி, 2023இன் இறுதியில் டெங்கு குடாநாட்டை உலுக்கியது. நுளம்புக் குடம்பியைத் தின்னும் சிறு மீன்களை ஒழித்துவிட்டுப் புகையடித்துக்கொண்டு திரிந்தோம்.

இதற்கிடையில் 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்றார்கள். குடிநீர் இல்லாதவனுக்கு அது தேவை, குறைசொல்லேன். ஆனால் கடனுக்குப் பணமெடுத்து உப்பை நன்னீராக்கும் அதே குடாநாடு, வானம் இலவசமாய்த் தந்த நன்னீரை அராலிக்கு விரட்டி உப்பாக்குகிறதே, அதற்கு என்ன பெயர்? 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டுமென்று திட்டம் வரைந்தார் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம். ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கும் அந்தக் கனவு இன்னும் நிறைவேறவில்லை. இருந்த ஆற்றையோ நாமே தொலைக்கிறோம்.

பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்துக்குப் போய், ஆறு நிரப்பப்படுவது பற்றிக் கேட்டேன். அது எங்கள் பொறுப்பல்ல என்று இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே பதில். குளம் ஒருவருக்கு, மதகு ஒருவருக்கு, வீதி ஒருவருக்கு, குப்பை ஒருவருக்கு. ஆறு ஒருவருக்கும் இல்லை.

ஆகவே வேண்டுவது ஒன்றுதான். அளவெட்டி தொடக்கம் அராலி வரை பழைய நில அளவை வரைபடத்தை வைத்து ஆற்றை அளந்து எல்லைக்கல் நாட்டுங்கள். அதன்பின் தூர்வாருவதைப் பற்றியும் மீன்குஞ்சைப் பற்றியும் பேசுவோம். எங்கள் உறுதியிலே காணி இருக்கிறது என்று சிலர் வழக்குக்கு வருவார்கள். வரட்டும். உறுதியையும் வரைபடத்தையும் நீதிமன்றத்தில் பக்கத்திற் பக்கமாக விரித்துப் பார்க்கலாம்.