ஒரு மூட்டை வாங்குபவருக்கு என்ன மரியாதை?

பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் அன்பர்கள் பலர் தினையும் கம்பும் விற்கிறார்கள். அவர்களுக்கு அது நூற்றில் ஒரு சரக்கு. லவ் பேர்ட்ஸ், புறா, கூண்டு, தீனி என்று அதையே நம்பிக் கடை திறந்திருப்பவருக்கோ அதுதான் சோறு. அப்படிச் சில சிறு கடைகளுக்கு நாம் நெடுங்காலமாகத் தானியம் கொடுத்து வருகிறோம்.

இப்போது இவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. ஆன்லைன் கம்பெனிகள் பாக்கெட் தீனியை அச்சிட்ட விலைக்கும் குறைத்து வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. பெரிய கடைகளோ குளிர்சாதனம் போட்டு, நாய்க்குச் சட்டை வரை அடுக்கி வைத்திருக்கின்றன. பாக்கெட்டில் இவர்களோடு விலைப் போட்டிக்கு நின்ற சிறு கடைக்காரருக்கு முதல் கரைந்ததைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

அப்படியும் சில கடைகளில் கூட்டம் குறையவில்லை. நம் வாடிக்கைக்காரர் ஒருவரைச் சொல்கிறோம். பச்சைக்கிளி கேட்டு வந்தால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வளர்ப்பதும் குற்றம் என்று சொல்லி அனுப்பிவிடுவார். லவ் பேர்ட்ஸ் வாங்க வந்தால் கூண்டின் அளவைக் கேட்ட பிறகே ஜோடியைப் பிடிப்பார். தினையை முறத்தில் புடைத்துத்தான் தராசில் ஏற்றுவார். மூட்டையைப் பிரித்ததும் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார். பூஞ்சை வாடை அடித்தால் மூட்டை நம் கிடங்குக்கே திரும்பிவிடும்.

"குருவி தின்பதற்கு இத்தனை சோதனையா?" என்று நம் கிடங்கில் முணுமுணுத்ததுண்டு. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு கலந்த தீனியால் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. பூஞ்சையில் உண்டாகும் அப்ளாடாக்ஸின் என்ற நஞ்சே காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மனிதர் தின்னும் கடலைக்கும் சோளத்துக்கும் இது பொருந்தும். பலசரக்குக்காரர்களும் கவனிக்க வேண்டும்.

இனி நம் தவற்றைச் சொல்கிறோம். ஒரு பெரிய கடை மாதம் முப்பது மூட்டை கேட்டது. கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்தோம். கூடுதலாக எடுப்பவருக்குச் சகாயம் தருவது வியாபார முறைதான், அதில் நமக்கு வெட்கமில்லை. ஆனால் புதுச் சரக்கையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டு, கிடங்கில் அடிமூட்டையாகக் கிடந்ததை இவருக்கு ஏற்றினோம். இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை நேரில் வந்து பாக்கியை எண்ணி வைத்தார்.

"கணக்கை முடிச்சுக்கிறேன் அண்ணாச்சி. விலை கூடுதலா இருந்தா வர்றவங்ககிட்டே சொல்லி வித்துடுவேன். சரக்கு கெட்டிருந்தா என்னன்னு சொல்றது?"

நமக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெரிய கடை எட்டு மாதத்தில் வேறு மண்டிக்குப் போய்விட்டது, கிலோவுக்கு ஐம்பது காசுக்காக!

வாடிக்கையாளர் நன்றி மறந்துவிட்டார் என்று நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். சிறு கடைக்காரர் நாணயமாகச் சேர்த்த பெயரை மொத்த வியாபாரி ஒரே மூட்டையில் கெடுத்துவிட முடியும் என்பதையும் பேச வேண்டாமா? கிடங்குக்கு முதலில் வந்த மூட்டை முதலில் போகட்டும், வாங்குபவர் யாராயிருந்தாலும் சரி. வாடை அடித்ததைப் பேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வோம். சங்கத்து மொத்த வியாபாரிகள் இதை ஒரு கட்டுப்பாடாகவே வைத்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் அவருக்குப் புதுத் தினை ஒரு மூட்டை அனுப்பிப் பார்த்தோம். பிரித்து, மோந்து பார்த்து, பணத்தைப் பையனிடமே கொடுத்தனுப்பினார். அடுத்த மூட்டைக்கு இன்னும் சீட்டு வரவில்லை.