பரீட்சை வைக்காத ஒரு ஆள் போதும்

அனிமே பார்ப்பேன் என்றால் வீட்டில் "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மைப் படமா?" என்பார்கள். அது பழகிப்போச்சு. பெரியப்பாவுக்கு ஒருநாள் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ போட்டுக் காட்டினேன். 1988-இல் வந்த படம். குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியில் சாகிற கதை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு, ஆனா பொம்மைதானே?" என்றார். அவரை விடுங்கள், எனக்கு வயிறு எரிவதெல்லாம் அனிமே பார்க்கிற நம்ம ஆட்களைப் பார்த்துத்தான்.

2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயரின் ‘இன்ஃபினிட்டி காஸில்’ தமிழிலேயே தியேட்டருக்கு வந்ததே, அன்று அதன் நாயகன் தஞ்சிரோவின் பச்சை கறுப்புக் கட்டம் போட்ட அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு கும்பல் நின்றது. அப்பாடா, நம்ம இனம் என்று ஓடிப்போய்ப் பேசினேன்.

"தமிழ் டப்பா? நாங்க ஜப்பானிய ஷோ ப்ரோ" என்றான் ஒருவன். சரி, போகட்டும். "ஒன் பீஸ் எதுவரைக்கும் பார்த்திருக்கீங்க?" 1999-இல் டிவியில் ஆரம்பித்து, ஆயிரத்து நூறு எபிசோட் தாண்டியும் முடியாத தொடர் அது. வேலைக்குப் போகிறவன் நான், இருநூறைத் தாண்டியிருந்தால் பெரிசு. சொன்னதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பு. நருட்டோ தொடரில், மூலக் கதையில் இல்லாமல் இடையில் செருகுகிற ஃபில்லர் எபிசோடுகளைக்கூட விடவில்லை என்று பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். "ஃபில்லரை எல்லாம் யாராவது பார்ப்பாங்களா?" பார்த்தாலும் தப்பு, பார்க்காவிட்டாலும் தப்பு!

நருட்டோவின் 101-ஆவது எபிசோடும் ஃபில்லர்தான். ககாஷி வாத்தியாரின் முகமூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருடைய மூன்று மாணவர்களும் படாத பாடு படுவார்கள். கடைசியில் அவராகவே கழற்றுவார். உள்ளே இன்னொரு முகமூடி! பக்கத்தில் உட்கார்ந்து இதற்கு என்னோடு சிரிக்க ஒரு ஆள். நான் கேட்டது அவ்வளவுதானே?

ஜப்பானிலேயே ஒடாகு, அதாவது அனிமே பைத்தியம், என்றால் ஒரு காலத்தில் முகம் சுளித்தார்கள். ஊரார் சிரிப்பு போதாதென்று நமக்குள்ளேயே வேறு நுழைவுத் தேர்வு.

"ஒன் பீஸ்ல மரைன்ஃபோர்டு போரைத் தாண்டிட்டு வாங்க ப்ரோ, குரூப்ல சேர்த்துக்கறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அது முடிவதே 489-ஆவது எபிசோடில். ராத்திரிக்கு இரண்டு என்று பார்த்தாலும் நாலு மாசத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் நான் யாரோடு பேசுவதாம்?