பாரஸ்ட் வேறு, காடு வேறு

அரூர் வட்டாரத்தில் மானாவாரிப் புன்செய்க்கும் காடு என்றுதான் பெயர். காலையில் ஒருவர் 'காட்டுக்குப் போகிறேன்' என்றால், அவர் களையெடுக்கவோ சோளம் அறுக்கவோ புறப்பட்டுவிட்டார் என்று கொள்ள வேண்டும். சித்தேரி மலைச் சரிவில் மரங்கள் செறிந்து நிற்கும் இடமும் காடே. இறந்தவரைக் கொண்டுசென்று சேர்க்கும் இடமும் காடே. ஆனால் அதே மக்கள் 'பாரஸ்ட்' என்று சொல்லும்போது அச்சொல்லில் மரம் இருப்பதில்லை. எல்லைக்கல் இருக்கிறது, காக்கிச் சட்டை இருக்கிறது, வழக்கும் அபராதமும் இருக்கின்றன. 'அது பாரஸ்ட், மாட்டை அந்தப் பக்கம் விடாதே' என்பது அங்கு ஒரு நில வருணனை அன்று, எச்சரிக்கை.

காடு என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்க இந்த ஆங்கில ஒட்டு எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அச்சொல்லை அதன் பிறப்புப் பொருளிலேயே ஆள்பவர்கள் இம்மக்கள்தாம் என்பது நம் துணிபு.

இதற்குச் சொல்லின் பிறப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு இடைக்கால இலத்தீனின் 'ஃபோரெஸ்டிஸ்' என்ற சொல்லிலிருந்து. அதன் வேராகப் பெரும்பாலோர் காட்டுவது 'வெளியே' என்று பொருள்படும் 'ஃபோரிஸ்'. கதவைக் குறிக்கும் சொல்லோடு பிறந்தது அது. ஆங்கிலத்தின் 'டோர்', வடமொழியின் 'துவாரம்' எல்லாம் அக்குடும்பம்தான். நம் கோயில் வாசலில் தண்டத்தோடு நிற்கும் துவாரபாலகர், பாரஸ்ட் கார்டுக்கு ஒருவகையில் தூரத்து உறவினர் என்றால் இருவரும் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

எதற்கு வெளியே? வேலிக்கு வெளியே என்பர் சிலர். பொதுச் சட்டத்துக்கு வெளியே என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்துகிறது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் கொண்டுவந்த 'பாரஸ்ட்' என்பது, அரசன் தன் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்ட நிலம். அதற்குத் தனிச் சட்டம், தனி மன்றம், தனி அலுவலர். அதில் மரம் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை. புல்லும் பாறையுமாகக் கிடக்கும் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்கு இன்றும் அப்பெயர் இருக்கிறது. ஊர்களும் வயல்களும் அந்த எல்லைக்குள் அகப்பட்டிருந்தன. ஒரு நிலத்தை அச்சட்டத்திலிருந்து விடுவிப்பதற்கு அவர்களிடம் ஒரு வினைச்சொல் இருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'காடு நீக்கல்'. ஒரு கிளையைக்கூட ஒடிக்காமல் காட்டை நீக்கிவிட முடிந்த காலம் அது. 1217இல், மூன்றாம் ஹென்றி சிறுவனாக அரியணையில் இருந்தபோது, காட்டுச் சாசனம் ஒன்று வெளியானது. அரசனின் மானைக் கொன்றதற்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்றது அது. அப்படியானால் அதற்கு முன் என்ன நடந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மரம் அடர்ந்த இடம் என்ற பொருள் பின்னால் வந்து மேலே படர்ந்தது. நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்தது இந்தப் பொருளை. நம்மை ஆண்டதோ அந்தப் பழைய பொருள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் 'ரிசர்வ்டு பாரஸ்ட்' என்பதை இங்கே நிறுவியது. பெயர் மாற்றத்தோடு அச்சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் உள்ளது. அதற்குத் தமிழில் 'காப்புக்காடு' என்று பெயர் சூட்டினார்கள். ஒலிநயமுள்ள ஆக்கம்தான். ஆனால் சங்க நூல்களில் 'மிளை' என்றொரு சொல் உண்டு: கோட்டையைச் சூழ வளர்த்த காவற்காடு. வள்ளுவரும் அரண்களின் வரிசையில் காட்டைச் சேர்த்திருக்கிறார். காவற்காடு மனிதரைக் காத்தது. காப்புக்காடு மனிதரிடமிருந்து காக்கப்படுவது. ஏறக்குறைய ஒரே சொல்லாட்சி, தலைகீழான பொருள். அந்தத் தலைகீழை மூடிமறைத்தது 'காடு' என்ற பழகிய சொல்லின் இனிமை.

அரூரை அடுத்த வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நடந்ததைச் சொல்லாமல் இந்தச் சொல்லாராய்ச்சியைத் தொடர முடியாது. கடத்தல் சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த் துறையினரும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளாயினர்; ஊரார் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள். பொதுச் சட்டத்துக்கு வெளியே என்ற பழம்பொருளுக்கு இதைவிடக் கொடிய உரை எழுத முடியாது.

சட்டம் இச்சொல்லோடு படும் பாட்டையும் பார்க்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 'பாரஸ்ட்' என்பதற்கு வரையறையே தரவில்லை. 1996 டிசம்பரில், கூடலூர்ப் பகுதியின் மரவெட்டு தொடர்பான கோதவர்மன் வழக்கில், அச்சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2023இல் வந்த திருத்தச் சட்டம் அந்த விரிவைச் சுருக்க முயல, அகராதிப் பொருளையே பின்பற்றும்படி 2024 பிப்ரவரியில் இடைக்கால ஆணை பிறந்தது. பல காடுகளை அந்த ஆணைகள் காப்பாற்றியிருக்கின்றன. அதில் நமக்கு மகிழ்ச்சியே. எனினும் அகராதியைத் திறந்தால் மரமடர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அரசனின் வேட்டை நிலமும் இருக்கிறது. தமிழ் அகராதியைத் திறந்தாலோ சுடுகாடும் புன்செய்யும் சேர்ந்து வரும்.

ஆகவே சட்டமும் அரசாணையும் தமிழில் வரும்போது, மரத்தைக் குறிக்கும் இடத்தில் காடு என்றும், அதிகார எல்லையைக் குறிக்கும் இடத்தில் வேறொரு சொல்லாலும் எழுத வேண்டும் என்பது நம் கோரிக்கை. அந்த வேறு சொல்லுக்காகக் கலைச்சொல் குழு எதுவும் கூட வேண்டியதில்லை. அரூர்ச் சந்தையில் மாடு விற்க வருபவரைக் கேட்டாலே கிடைத்துவிடும்.