கொக்கிப்புழு வயது கேட்பதில்லை

ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு 20 முதல் 30 வயதுப் பெண்களையும் இதில் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியலில் ஜீப்பேறி, கம்பம்மெட்டு வழியே வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நாற்பது வயதுப் பெண் இத்திட்டத்தில் எங்கே இருக்கிறார்?

இக்கேள்வியை எழுப்புவது கொக்கிப்புழுவின் உயிரியலே. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளிப் பருவத்தில்தான் மிகுதி. கொக்கிப்புழுத் தொற்றோ வயது ஏற ஏறக் கூடி, வளர்ந்தோரிடமும் குறையாமல் நிலைக்கும் இயல்பினது. காரணம், அது பரவும் இடம் மண். மண்ணில் உழைப்போர் பெரியவர்கள்.

மலத்தோடு வெளியேறும் முட்டை, நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கிறது. இளவுயிரி இருமுறை தோலுரித்து, ஐந்து முதல் பத்து நாளில் தொற்றும் நிலையை அடைகிறது. அதன்பின் அது உண்பதில்லை. சேமித்த கொழுப்பைக் கொண்டு மூன்று, நான்கு வாரங்கள் வரை மேல்மண்ணில் காத்திருக்கிறது. மனிதத் தோலின் வெப்பத்தை உணர்ந்ததும் நொதிகளைச் சுரந்து உள்நுழைகிறது. அவ்விடத்தில் தோன்றும் அரிப்பைச் சேற்றுப்புண் என்றே பலரும் எண்ணக்கூடும். பின்னர் இரத்தவழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாயில் ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் வந்து பற்றுகிறது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் நெகேட்டர் அமெரிக்கானஸ் வகைப் புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் இழக்கப்படுகிறது. நூறு புழுக்கள் எனில் மாதத்திற்கு 90 மில்லிலிட்டர். மாதவிடாயாலும் பேறுகாலத்தாலும் முன்பே இரும்புச்சத்துக் குறைந்த உடலுக்கு இது சிறு இழப்பன்று.

ஏலத்தோட்டம் நிழல்மரங்களும் இலைமக்கும் ஓயாத ஈரமும் கொண்டது. இளவுயிரிக்கு வேண்டியவை எல்லாம் அங்கே உள்ளன. மலம் மட்டும் வந்து சேர வேண்டும். "இப்போது எல்லோரும் காலணி அணிகிறார்களே" என்பர் சிலர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியிலிருந்து கிளைத்து நிலத்தில் படரும் சரங்களில் காய்க்கிறது. குந்தியமர்ந்து மண்ணையொட்டிக் கைகளால் பறிக்க வேண்டும். பூட்ஸ் காலைக் காக்கும். கையை எது காக்கும்?

ஊரில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டினாலும், பகலெல்லாம் மலைச்சரிவில் நிற்பவருக்கு அது பயன்படாது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கழிப்பறையைக் கட்டாயமாக்கியது. எனினும் 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்கே உரியதாக இருந்தது. சிறு தோட்டங்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றன.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. 1916-இல் ராக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்துண்டவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். மருந்து கொடுக்க இசைந்த தோட்டத்துரைமார் பலர் கழிப்பறைக்குச் செலவிடத் தயங்கினர். மருந்துண்டவர் அதே மண்ணுக்குத் திரும்பினர். புழுவும் அவர்களிடம் திரும்பியது.

ஆகவே மூன்று செய்வது தகும். முதலாவது, மாத்திரை வயதைப் பார்க்காமல் தொழிலைப் பார்த்து வழங்கப்பட வேண்டும். தேயிலை பறிப்போர், சுரங்கத் தொழிலாளர் போன்ற இடர்மிக்க தொழிலினரை உலக சுகாதார நிறுவனமே தனித்துக் குறிப்பிட்டுள்ளது. இரண்டாவது, முகாம் பகலில் ஊரில் நடந்தால் இவர்களுக்குக் கிட்டாது. விடியலில் ஜீப் புறப்படும் இடத்திலேயே மாத்திரையும் இரத்தசோகைப் பரிசோதனையும் கிடைக்கத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடித் திட்டமிட வேண்டும். மூன்றாவது, தோட்டத்தின் பரப்பளவு எதுவாயினும் வேலையிடத்துக்கு அருகே கழிப்பறை வேண்டும். இது இல்லாமல் முன்னிரண்டும் நிலைக்கா.

ஒட்டுண்ணியியல், சமூகவியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜவ்வாது மலையில் நடந்த டிவார்ம்3 ஆய்வு, சிறார்க்கு மட்டும் மருந்தளிப்பதையும் ஊர் முழுமைக்கும் அளிப்பதையும் ஒப்பிட்டது. வண்டன்மேட்டிலோ இரவில் உறங்கும் ஊர் ஒரு மாநிலத்தில், பகலில் மிதிக்கும் மண் இன்னொரு மாநிலத்தில். அங்கே ஆய்வின் அலகு ஊரா, தோட்டமா? நம்மில் ஒருவர் இக்கேள்வியை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் நன்று.